மருத்துவச் செலவு–விளைவு ஆய்வில் நிச்சயமின்மையைக் கையாள்வது எப்படி: டெல்டாவின் பாதப் பராமரிப்புக் கணக்கை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படுமா என்பது மே மாதக் கடைசியில் டெல்டா விவசாயிக்கு உறுதியாகத் தெரிவதில்லை. முழு மட்டமான 120 அடியில் அணை இப்போது எங்கே நிற்கிறது, குடகில் மழை எப்படித் தொடங்கியிருக்கிறது, பம்புசெட் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும் என்பதையெல்லாம் எடைபோட்டு, நாற்றங்கால் விடுவதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்கிறார். 95 சதவீத உறுதி கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் குறுவைப் பட்டம் போய்விடும். விதைக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் இழப்பு உண்டு.

ஒரு புதிய மருத்துவத் திட்டத்துக்குப் பொதுப்பணத்தை ஒதுக்கலாமா என்ற, செலவு–விளைவு ஆய்வு விடை தேடும் கேள்வியும் இதே வடிவம் கொண்டது. ஆனால் நம் மாவட்ட அளவிலான மதிப்பீட்டு அறிக்கைகள் பலவற்றில் நிச்சயமின்மை கடைசிப் பக்கத்தின் ஒரு பத்திக்குள் ஒதுங்கிவிடுகிறது. அது முடிவெடுக்கும் கணக்கின் உள்ளேயே இருக்க வேண்டியது என்பதே என் உறுதியான கருத்து. அதை அங்கே கொண்டுவரும் வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். கீழே வரும் ஆய்வு எண்கள் அனைத்தும் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த ஆய்வின் முடிவுகளும் அல்ல.

படி 1: கேள்வியை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள்

நம் எடுத்துக்காட்டு சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு. நடவுக்கும் களையெடுப்புக்கும் சேற்றில் வெறுங்காலோடுதான் இறங்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்த ஒருவருக்கு நத்தை ஓடோ கருவேல முள்ளோ குத்தியது தெரிவதில்லை. தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும், சிலருக்கு விரலையோ காலையோ எடுக்க நேரும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதாந்திர மாத்திரை வாங்க வருபவர்களின் பாதங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் சோதித்து, உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எம்.சி.ஆர். என்னும் மென்ரப்பர் செருப்பும் புண் பராமரிப்பும் தருவது ஒரு திட்டம். இப்போதுள்ளபடியே விட்டுவிடுவது மற்றொன்று. எப்போதும் இரண்டையோ அதற்கு மேற்பட்டவற்றையோ ஒப்பிடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

யாருடைய செலவு என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கும் அறுவைச் சிகிச்சை அரசின் செலவு. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தேறி வரும் செலவும், உடன் வருபவரின் கூலி இழப்பும் குடும்பத்தின் செலவு. அரசின் கணக்கில் ஒரு முடிவும் சமூகத்தின் கணக்கில் வேறொரு முடிவும் வரக்கூடும். ஆகவே இரண்டையும் தனித்தனியே காட்டுவதே நேர்மை.

விளைவைத் தரம் சேர்த்த வாழ்வாண்டுகளில், அதாவது இத்துறையினர் பேச்சில் ‘குவாலி’யில், அளக்கிறோம். முழு நலத்தோடு வாழும் ஓராண்டு 1, இறப்பு 0. வாழ்வின் தரத்தை அளக்கும் இக்யூ-5டி-5எல் வினாத்தாளுக்கு இந்தியர்களிடமே கேட்டு உருவாக்கிய மதிப்புத் தொகுப்பு இப்போது உள்ளதால், பிற நாட்டு மதிப்புகளைக் கடன் வாங்கத் தேவையில்லை.

படி 2: மூன்று வேறுபாடுகளைப் பிரித்தறியுங்கள்

ஒரு நோயாளிக்கு 300 ரூபாயும் இன்னொருவருக்கு 1,20,000 ரூபாயும் செலவாவது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு. எத்தனை ஆயிரம் பேரை ஆராய்ந்தாலும் இது மறையாது. சராசரிச் செலவு உண்மையில் எவ்வளவு என்று நமக்குச் சரியாகத் தெரியாதிருப்பது நிச்சயமின்மை. ஆய்வில் ஆட்கள் கூடக் கூட இது குறையும். முதலாவதைத் திட்ட விலக்கமும் (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) இரண்டாவதைத் திட்டப் பிழையும் (ஸ்டாண்டர்ட் எரர்) அளக்கின்றன; இங்கே ‘திட்ட’ என்பது மருத்துவத் திட்டத்தைக் குறிப்பதன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே நான் அதிகம் காணும் தவறு.

மூன்றாவதை டெல்டாக்காரருக்கு விளக்க வேண்டியதே இல்லை. கல்லணையில் திறந்துவிட்ட தண்ணீரின் சராசரியைச் சொன்னால் தலைமடைக்காரர் தலையாட்டுவார்; கடைமடைக்காரர் தன் வாய்க்காலைக் காட்டுவார். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், புண் வந்தவர் அன்றே மருத்துவரைப் பார்க்க முடியும். கோடியக்கரைப் பக்கத்து ஊர்களில் அதற்கு ஒரு நாள் கூலி போகும். திட்டத்தின் பயன் இவ்விரு இடங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தெரிந்த காரணத்தால் வரும் இந்த வேறுபாட்டை நிச்சயமின்மைக்குள் கரைத்துவிடாமல், பகுதிவாரியாகத் தனிக் கணக்காகச் செய்ய வேண்டும். எந்தப் பகுதிகள் என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

படி 3: செலவுக்குச் சராசரியை விடாதீர்கள்

மருத்துவச் செலவுத் தரவு ஒருபுறம் சாய்ந்தே இருக்கும். பெரும்பாலோருக்குச் சில நூறு ரூபாய், காலை இழந்த சிலருக்கு லட்சக்கணக்கில். இதைக் கண்டதும் புள்ளியியல் படித்தவர்கள் இடைநிலை அளவைக்கோ, மடக்கை எடுத்து ஒப்பிடுவதற்கோ, தரவரிசைச் சோதனைக்கோ போய்விடுகிறார்கள். வேறு கேள்விகளுக்கு அவை பொருந்தலாம், இங்கே பொருந்தாது. மாவட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சராசரியை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கித்தான் விடை காண முடியும். இடைநிலையைப் பெருக்கினால் எந்தப் பட்ஜெட்டும் வராது. காலை இழந்த அந்தச் சிலரை ‘விதிவிலக்கு’ என்று நீக்குவது அதைவிடப் பெரிய பிழை. அவர்களுக்காகத்தான் இந்தத் திட்டமே.

படி 4: விகிதத்தைக் கணக்கிடுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள்

இப்போது எண்களுக்கு வருவோம். ஒவ்வோர் அணியிலும் 200 பேர், ஓராண்டு. வழக்கமான பராமரிப்பில் சராசரிச் செலவு ரூ.9,000, திட்ட விலக்கம் ரூ.27,000. புதிய திட்டத்தில் சராசரி ரூ.11,400, திட்ட விலக்கம் ரூ.24,000. ஆகவே கூடுதல் செலவு ரூ.2,400, அதன் திட்டப் பிழை சுமார் ரூ.2,554. உண்மையான கூடுதல் செலவு இருக்கக்கூடிய எல்லையைக் காட்டும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ரூ.2,600 மிச்சம் என்பதிலிருந்து ரூ.7,400 கூடுதல் என்பதுவரை நீள்கிறது. விளைவில் கூடுதல் 0.03 குவாலி, திட்டப் பிழை 0.015.

கூடுதல் செலவைக் கூடுதல் விளைவால் வகுத்தால் ஒரு குவாலிக்கு ரூ.80,000. இந்த விகிதத்துக்கு ஒரு நம்பிக்கை இடைவெளி போட்டுவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ரூ.2,400 மிச்சமாகி 0.03 குவாலி கூடினால் விகிதம் −80,000. ரூ.2,400 கூடுதலாகச் செலவாகி 0.03 குவாலி குறைந்தாலும் விகிதம் அதே −80,000. முன்னது வரம், பின்னது கேடு; எண்ணோ ஒன்றே. விளைவின் வேறுபாடு பூஜ்யத்தை நெருங்கும்போது விகிதம் கட்டுக்கடங்காமல் ஓடும். இப்படிப்பட்ட விகிதங்களுக்கு நம்பிக்கை இடைவெளி காண ஃபீலர் முறை என்ற ஒன்று உண்டு. விளைவு தெளிவாக நேர்மமாக இருக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். ஆனால் இன்னும் எளிய வழி இருக்கிறது.

படி 5: நிகரப் பயனுக்கு மாறுங்கள்

1998-இல் ஸ்டின்னெட், முல்லாஹி என்னும் ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த வழி இது. ஒரு குவாலிக்குச் சமூகம் தரத் தயாராக உள்ள வரம்புத் தொகையால் கூடுதல் விளைவைப் பெருக்கி, அதிலிருந்து கூடுதல் செலவைக் கழிக்கவேண்டும். விகிதம் மறைந்து ரூபாயில் ஒரு வேறுபாடு கிடைக்கிறது. அது நேர்மமானால் திட்டம் தகும். வரம்பை நாட்டின் தனிநபர் உற்பத்தி மதிப்பை ஒட்டி வைப்பது இந்தியாவில் வழக்கம். கணக்கு எளிதாக இருக்க ரூ.2,00,000 என்று வைக்கிறேன். 0.03 × 2,00,000 − 2,400 = ரூ.3,600. ஒரு நோயாளிக்கு இவ்வளவு நிகரப் பயன்.

அதன் திட்டப் பிழைக்குச் செலவும் விளைவும் தம்முள் எப்படி ஒட்டி நகர்கின்றன என்பது தேவை. புண் வந்தவருக்குச் செலவு கூடும், வாழ்வின் தரம் குறையும். எனவே ஒட்டுறவு பெரும்பாலும் எதிர்மமாக இருக்கும். அது −0.3 என்று கொண்டால் நிகரப் பயனின் திட்டப் பிழை சுமார் ரூ.4,486; திட்டம் தகுதியானதாக இருப்பதற்கான நிகழ்தகவு 79 சதவீதம். ஒட்டுறவை மறந்துவிட்டால் திட்டப் பிழை ரூ.3,940 ஆகச் சுருங்கி நிகழ்தகவு 82 சதவீதமாகக் காட்டும். அறிக்கை எழுதுபவருக்குச் சாதகமான பக்கம் சாயும் பிழை என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

சூத்திரத்தை நம்பத் தயங்குபவர்கள் 1979-இல் புள்ளியியலாளர் பிராட்லி எஃப்ரான் அறிமுகப்படுத்திய பூட்ஸ்ட்ராப் முறையைக் கையாளலாம். ஒவ்வோர் அணியிலும் உள்ள 200 பேரிலிருந்து, எடுத்தவரை மீண்டும் போட்டு, 200 பேரைக் குலுக்கி எடுத்து நிகரப் பயனைக் கணக்கிட வேண்டும். இதை ஐயாயிரம் முறையாவது திரும்பச் செய்ய வேண்டும். ஒரு நோயாளியை எடுக்கும்போது அவருடைய செலவையும் குவாலியையும் சேர்த்தே எடுங்கள். செலவு நெடுவரிசையை ஒரு தரமும் விளைவு நெடுவரிசையை இன்னொரு தரமும் தனித்தனியாகக் குலுக்கினால் ஒட்டுறவு அங்கேயே அறுந்துபோகும்.

படி 6: சுகாதார நிலையம் ஒரு குழு என்பதை மதியுங்கள்

என் அனுபவத்தில் கணக்கை மிகவும் புரட்டிப்போடும் படி இதுவே. இப்படிப்பட்ட ஆய்வுகளில் தனி ஆட்களைப் பிரிக்க முடியாது. ஒரு நிலையத்தில் ஒரே செவிலியர் ஒருவருக்குப் பாதத்தைச் சோதித்துவிட்டு அடுத்தவரைச் சோதிக்காமல் அனுப்பமாட்டார். ஆகவே நிலையங்களைத்தான் அணி பிரிக்கிறோம்: அணிக்கு 10 நிலையங்கள், நிலையத்துக்கு 20 பேர். ஒரே நிலையத்துக்கு வருபவர்கள் ஒரே மருத்துவரிடம், ஒரே மண்ணில், ஏறக்குறைய ஒரே வேலையில் இருப்பவர்கள். அவர்கள் 20 பேரும் 20 தனித் தகவல்கள் ஆகமாட்டார்கள்.

குழுவுக்குள் ஒட்டுறவு, அதாவது ஒரே நிலையத்தார் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு, 0.05 மட்டுமே என்று வைப்போம். மாறுபாட்டைப் பெருக்கும் காரணி 1 + (20 − 1) × 0.05 = 1.95. திட்டப் பிழை அதன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 1.4 மடங்கு, பெருகி ரூ.6,264 ஆகிறது. சராசரி நிகரப் பயன் அதே ரூ.3,600, ஆனால் நிகழ்தகவு 79-இலிருந்து 72 சதவீதமாக இறங்குகிறது. ஏழு புள்ளிதானே என்று தோன்றும். இதன் முழு விளைவு 10-ஆம் படியில் தெரியும்.

பூட்ஸ்ட்ராப் செய்வோர் முதலில் நிலையங்களைக் குலுக்க வேண்டும். அணிக்குப் பத்து நிலையங்கள் என்பது அதற்குச் சற்றுக் குறைவே. அப்போது செலவையும் விளைவையும் இணைத்து, நோயாளி, நிலையம் என்னும் இரு அடுக்குகளையும் கணக்கில் கொள்ளும் பல்லடுக்கு மாதிரி கூடுதல் நம்பகமானது.

படி 7: வராமல் போனவர்களைத் தேடுங்கள்

பன்னிரண்டாம் மாதப் பரிசோதனை தையில் விழுந்தால் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். கூலிக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். ஆரோக்கியமாக இருப்பதால்தான் வயலில் இருக்கிறார்கள். புண் முற்றியவரும் வரமாட்டார். அவர் தனியார் மருத்துவமனையில் படுத்திருப்பார். இந்த இரு வகையினரையும் விட்டுவிட்டு வந்தவர்களை மட்டும் கணக்கிட்டால் சராசரி எந்தப் பக்கம் சாயும் என்றே சொல்ல முடியாது. வயது, தொழில், முந்தைய வருகைகள், அதுவரையான செலவு ஆகியவற்றைக் கொண்டு விடுபட்ட இடங்களைப் பலமுறை மதிப்பிட்டு நிரப்பும் முறையைக் கையாளுங்கள். அதன்பின், வராதவர்களின் நிலை நாம் நிரப்பியதைவிட மோசமாக இருந்தால் முடிவு எப்போது மாறும் என்றும் சோதியுங்கள். அறுவடைக் காலத்தில் சுகாதார ஊழியரை வீட்டுக்கே அனுப்புவது எல்லாச் சூத்திரங்களையும்விட மலிவானது.

படி 8: மாதிரிக்குள் பரவல்களை இடுங்கள்

கால் இழப்பின் விளைவு வாழ்நாள் முழுவதும் தொடரும். ஓராண்டு ஆய்வு அதைக் காட்டாது. எனவே புண் இல்லாமை, புண், கால் அகற்றல், இறப்பு என்னும் நிலைகளுக்கிடையே ஆண்டுதோறும் நகரும் மார்க்கோவ் மாதிரி தேவைப்படுகிறது. அதில் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஒரு பரவலை, அதாவது எந்த மதிப்புக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை, கொடுத்து, ஆயிரக்கணக்கான முறை குலுக்கி எடுத்துக் கணக்கிடுவதே நிகழ்தகவு சார்ந்த உணர்திறன் ஆய்வு.

எந்தப் பரவல் என்பதை அந்த உள்ளீட்டின் இயல்பே சொல்லிவிடும். நிகழ்தகவு 0-க்கும் 1-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பதால் பீட்டா: 200 பேரில் 12 பேருக்குப் புண் என்றால் பீட்டா 12, 188. ஒரு நிலையிலிருந்து மூன்று நான்கு நிலைகளுக்குப் பிரிந்தால் டிரிக்லே. செலவு எதிர்மமாகாது, வலப்புறம் நீளும் என்பதால் காமா: காலை அகற்றும் சிகிச்சைக்குச் சராசரி ரூ.60,000, திட்டப் பிழை ரூ.15,000 என்றால், சராசரியின் வர்க்கத்தைத் திட்டப் பிழையின் வர்க்கத்தால் வகுத்து வடிவ அளவு 16, திட்டப் பிழையின் வர்க்கத்தைச் சராசரியால் வகுத்து அளவுக் காரணி 3,750. ஒப்பீட்டு இடர் 0.70, இடைவெளி 0.50 முதல் 0.98 என்றால் லாக்-நார்மல்: இரு எல்லைகளின் இயல்மடக்கை வேறுபாட்டை 3.92-ஆல் வகுத்தால் மடக்கையின் திட்டப் பிழை 0.172. காமாவில் திட்டப் பிழை போக வேண்டிய இடத்தில் திட்ட விலக்கத்தை இடுபவர்கள், இரண்டாம் படியில் சொன்ன அதே குழப்பத்துக்குத்தான் திரும்பவும் ஆளாகிறார்கள்.

‘எல்லா உள்ளீட்டுக்கும் கூடக் குறைய 20 சதவீதம்’ என்று எழுதிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடிவதில்லை. ஆயிரம் பேரிடம் அளந்த எண்ணும் மூன்று மருத்துவர்களின் அனுமானமும் ஒரே அளவு உறுதி கொண்டவை என்று அது சொல்கிறது.

படி 9: பரவல் கொடுக்கக் கூடாதவை

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கும் மருந்தின் விலை ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விலை. அதில் நிச்சயமின்மை இல்லை. ஆண்டுத் தள்ளுபடி விகிதம் (வருங்காலச் செலவையும் பயனையும் இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்), வரம்புத் தொகை, யாருடைய செலவு என்ற பார்வை ஆகியவை நாம் தேர்ந்தெடுப்பவை. இவற்றை மாற்றி மாற்றித் தனிக் காட்சிகளாகக் காட்ட வேண்டும். செருப்பின் பயன் ஓராண்டோடு நின்றுவிடுமா, ஐந்தாண்டு தொடருமா என்பது மாதிரியின் கட்டமைப்பு சார்ந்த ஐயம். பெரும்பாலும் இதுதான் எல்லாப் பரவல்களையும்விட முடிவை அதிகம் அசைக்கும். ஆயினும் எண்ணாக்கக் கடினம் என்பதால் விடப்படுவதும் இதுவே.

படி 10: வளைவை வரைந்து, முடிவெடுத்து, தகவலின் விலையைக் காணுங்கள்

வரம்புத் தொகையைக் கிடைக்கோட்டிலும், திட்டம் தகுதியாக இருக்கும் நிகழ்தகவைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரைவது ஏற்பு வளைவு. ஐந்தாம் படியின் எண்களில், வரம்பு பூஜ்யமானால் 17 சதவீதம், ரூ.80,000-இல் சரியாக 50, ரூ.1,00,000-இல் 57, ரூ.2,00,000-இல் 79, ரூ.4,00,000-இல் 91. எவ்வளவு உயர்த்தினாலும் 98-ஐத் தாண்டாது. விளைவே எதிர்மமாக இருக்கும் சிறு வாய்ப்பு எஞ்சி நிற்கிறது.

72 அல்லது 79 சதவீதம் போதாது, 95 வேண்டும் என்று முடிவெடுக்கும் குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். சுகாதாரப் பொருளியலாளர் கார்ல் கிளாக்ஸ்டன் 1999-இல் இதற்குத் தெளிவாக வாதிட்டார்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய இடத்தில், எதிர்பார்க்கும் நிகரப் பயன் கூடியதைத் தேர்வதே சரி, 95-க்குக் காத்திருப்பது, பயன் குறைந்த வழக்கமான பராமரிப்பைத் தேர்வதற்குச் சமம். நம் கணக்கில் எதிர்பார்க்கும் பயன் ஆளுக்கு ரூ.3,600. ஆகவே தொடங்கலாம். கட்டடம் எழுப்புவது போலத் திரும்பப் பெற முடியாத பெரும் முதலீடு இருந்தால் சற்று நிதானிக்க வேண்டும்; இழையும் செருப்பும் பயிற்சியும் அந்த வகையில் சேராது.

நிச்சயமின்மை வேலை செய்யும் இடம் அடுத்த கேள்வி: மேலும் ஆராயலாமா? இன்றைய முடிவு தவறாகும் வாய்ப்பையும் தவறானால் எவ்வளவு இழப்போம் என்பதையும் பெருக்கிச் சேர்த்தால், முழுத் தகவலின் மதிப்பு கிடைக்கிறது. குழுக்களை மறந்த கணக்கில் அது ஆளுக்கு ரூ.537. குழுக்களை மதித்த கணக்கில் சுமார் ரூ.1,100. நிகழ்தகவு ஏழு புள்ளி இறங்கியபோது தகவலின் மதிப்பு இரு மடங்காகிவிட்டது. முடிவு பொருந்தும் நோயாளிகள் 40,000 பேர் என்றால் முதல் கணக்கில் ரூ.2.15 கோடி, இரண்டாவதில் ரூ.4.4 கோடி. ரூ.3 கோடியில் ஒரு விரிவான ஆய்வுக்கு விண்ணப்பம் வந்தால், முதல் கணக்கு அதைப் பார்க்காமலே திருப்பி அனுப்பும். இரண்டாவது, இன்னும் நுணுக்கமாகப் பரிசீலிக்கச் சொல்லும். மதிப்பு செலவைவிடக் கூடியிருப்பதே அனுமதிக்குப் போதுமானதன்று, ஏனெனில் எந்த ஆய்வும் முழுத் தகவலைத் தராது. அதற்கு அந்தக் குறிப்பிட்ட அளவு ஆய்வின் எதிர்பார்ப்பு மதிப்பைத் தனியே கணக்கிட வேண்டும்.

படி 11: எந்த உள்ளீட்டுக்காகத் தரவு சேர்ப்பது

முழுத் தகவலின் மதிப்பை உள்ளீடுவாரியாகப் பிரித்தும் பார்க்கலாம். சிகிச்சைச் செலவுக்கு அதில் சிறு பங்கே இருந்து, செருப்பின் பயன் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதற்குப் பெரும் பங்கு இருந்தால், இன்னொரு செலவுக் கணக்கெடுப்பில் பணத்தைப் போடுவது வீண். திட்டத்தைத் தொடங்கிய நிலையங்களிலேயே இரண்டாம், மூன்றாம் ஆண்டுத் தொடர் கவனிப்பை வைத்துக்கொள்ளலாம். அதற்குப் புதிய ஆய்வுக்குழுகூடத் தேவைப்படாது. மாத்திரை வழங்கும் பதிவேட்டில் மூன்று பத்திகள் போதும்: வந்த நாளில் செருப்பு காலில் இருந்ததா, பாதத்தில் புதுப் புண் உண்டா, போன முறை வராதிருந்தால் என்ன காரணம். ஊரின் பெயர் ஏற்கெனவே பதிவாவதால், கடைமடை ஊர்களின் கணக்கை அதிலிருந்தே பிரித்தெடுத்துவிடலாம்.